பள்ளம் தெரிகிறது, வயது தெரிவதில்லை: பாவித்த டயரும் வடக்கின் வீதிகளும்

வாகன டயர் ஒவ்வொன்றின் பக்கச்சுவரிலும் அது செய்யப்பட்ட காலம் எழுதப்பட்டிருக்கும். டி.ஓ.ரி. என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களில் தொடங்கும் நீண்ட வரிசை ஒன்றைத் தேடிப் பாருங்கள். அதன் முடிவில், பெரும்பாலும் சிறு நீள்வட்டம் ஒன்றுக்குள், நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில், அதாவது ஜூன் மாத அளவில், அந்த டயர் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்திருக்கிறது. 

வவுனியாவிலிருந்து சுன்னாகம் வரை பாவித்த டயர் விற்கும் கடைகளில் நான் கவனித்த அளவில், வாங்க வருபவர்கள் பார்ப்பது இரண்டே விடயங்களைத்தான். ஒன்று, பள்ளம் எவ்வளவு இருக்கிறது. மற்றது, விலை எவ்வளவு. டயரைச் சுழற்றி, கட்டைவிரல் நகத்தைப் பள்ளத்துக்குள் விட்டுப் பார்த்து, "இன்னும் ஒரு வருசம் ஓடும்" என்ற முடிவுக்கு வருகிறார்கள். அந்த நான்கு இலக்கங்களைக் குனிந்து வாசிப்பவர்கள் மிகக் குறைவு. விற்பவரும் அதைச் சொல்வதில்லை.

இது சின்ன விடயம் போலத் தெரியலாம். ஆனால், இந்த டயர்களில் ஓடுபவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தால் அப்படித் தெரியாது. கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவின் உட்கிராமப் பாடசாலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வரும் ஆசிரியை. ஆடைத் தொழிற்சாலைக்கு விடியமுன் பெண்களை ஏற்றிச் செல்லும் பஸ். கணவனை யுத்தத்தில் இழந்து, மகன் ஓட்டும் முச்சக்கரவண்டியின் வருமானத்தில் லீசிங் கட்டும் தாய். காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு வாடகை வானில் கொழும்புக்குப் போராடப் போகும் அம்மாமார். யுத்தத்திலிருந்து உயிர்தப்பிய இவர்களுடைய உயிர் இன்று தங்கியிருப்பது வீதியில் பதிந்திருக்கும் உள்ளங்கையளவு இறப்பரில்தான்.

கண் பழகிய விதம்

நாங்கள் ஏன் பள்ளத்தை மட்டும் பார்க்கிறோம்? அதற்கு எங்களுடைய வரலாற்றில் காரணம் இருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளும் பற்றறியும் சவர்க்காரமும்கூட வடக்குக்கு எட்டாப் பொருட்களாயின. ஒரு துளி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம் அது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். எந்தப் பொருளையும் முற்றாக அழியும்வரை பாவிப்பதுதான் வாழும் வழியாக இருந்தது. ஒட்டின்மேல் ஒட்டுப் போட்ட டியூபும், நூல் தெரியும்வரை ஓடிய டயரும் அந்தத் தலைமுறையின் கெட்டித்தனத்துக்குச் சாட்சி. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனால், அன்றைய வீதியும் இன்றைய வீதியும் ஒன்றல்ல. அன்று வீதிகள் குண்டும் குழியுமாக இருந்தன. வாகனம் மெதுவாகவே போனது. மொட்டை டயர் வெடித்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். யுத்தம் முடிந்த பிறகு ஏ-9 உட்பட வீதிகள் காபெட் இடப்பட்டன. வேகம் கூடியது. வேகத்தோடு டயரின் சூடும் கூடியது. 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்றுப்போவது ஒரு தொல்லை. 80 கிலோமீற்றர் வேகத்தில் டயரின் மேற்பட்டை கழன்று போவது ஒரு குடும்பத்தின் கதையை மாற்றிவிடும். வீதி மாறிவிட்டது, வேகம் மாறிவிட்டது. டயர் வாங்கும் கண் மட்டும் தடைக்காலத்திலேயே நிற்கிறது.

பழைய டயர்கள் ஏன் கூடின?

பாவித்த டயருக்கான தேவை அண்மைய ஆண்டுகளில் கூடியதற்கும் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் அந்நியச் செலாவணியைச் சேமிக்கவென்று கொண்டுவரப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் டயரும் அகப்பட்டது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென அறிவித்தது. 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. அதுவும் சாதாரண குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாத வரிகளோடு.

இதன் விளைவு என்ன? ஐந்து ஆண்டுகளாக நாட்டுக்குள் இருந்த வாகனங்களே திரும்பத் திரும்பக் கைமாறின. அவற்றின் டயர்களும் கைமாறின. விபத்தில் நொருங்கிய வாகனத்தின் டயர், பெரிய றிம்முக்கு மாறியவர் கழற்றிவிட்ட டயர், கொட்டகையில் ஆண்டுக்கணக்காக நின்ற வாகனத்தின் டயர் எல்லாம் சந்தைக்கு வந்தன.

கடைசியாகச் சொன்ன டயர் வடக்கில் தனிக்கவனம் பெற வேண்டியது. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் வருடத்தில் ஒருமுறை வந்து ஓடுவதற்காக வாங்கி நிறுத்திய வாகனங்கள் எங்கள் ஊர்களில் உண்டு. அவை விற்பனைக்கு வரும்போது "ஓடவே இல்லை, டயர் புதுசு போல" என்று சொல்லப்படும். அது உண்மைதான். பள்ளம் முழுதாக இருக்கும். வயது 11 அல்லது 12 ஆகவும் இருக்கலாம். அதிகம் ஓடாத டயர் என்பது அதிகம் தேயாத டயர் மட்டுமே. முதுமை அதற்கும் வரும்.

இந்த நாட்டில்தான் களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் இறப்பர் பால் வெட்டப்படுகிறது. தொழிற்சாலை வாகனங்களுக்கான திண்ம டயர் உற்பத்தியில் உலகில் முன்னணியில் நிற்கும் நாடுகளில் ஒன்று இலங்கை. அந்த நாட்டில் ஒரு முச்சக்கரவண்டிச் சாரதி புதிய டயர் வாங்க இயலாமல் பாவித்த டயரைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இதை அவருடைய கஞ்சத்தனம் என்று சொல்பவர்கள் அவருடைய லீசிங் புத்தகத்தையும் பார்க்கவேண்டும்.

பள்ளத்தை எப்படி அளப்பது?

பாவித்த டயரை வாங்காதீர்கள் என்று எழுதுவது இலகு. வாங்கத்தான் போகிறோம் என்பதால், எப்படிப் பார்ப்பது என்று சொல்வது பயனுள்ளது.

காரின் புதிய டயரில் பள்ளம் பொதுவாக 7 முதல் 8 மில்லிமீற்றர் ஆழம் இருக்கும். மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி டயர்களில் இதைவிடக் குறைவு. பிரதான பள்ளங்களுக்குள் குறுக்காகச் சிறிய இறப்பர் மேடுகள் இருப்பதைக் காணலாம். அவை தேய்வு காட்டிகள். அவை எங்கே இருக்கின்றன என்பதைப் பக்கச்சுவரின் விளிம்பில் உள்ள சிறு முக்கோணமோ ரி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துக்களோ காட்டும். கார் டயரில் அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீற்றர். டயரின் மேற்பரப்பும் மேடும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த டயரின் வேலை முடிந்தது. பல நாடுகளில் கார்களுக்கான சட்ட எல்லையும் இதுவே.

அந்த எல்லை வரை ஓடலாம் என்று நினைக்கவும் கூடாது. பள்ளம் இருப்பது தண்ணீரை வெளியேற்ற. ஆழம் 3 மில்லிமீற்றருக்குக் கீழே போகும்போதே ஈரவீதியில் பிரேக் பிடித்து நிற்க எடுக்கும் தூரம் கூடத் தொடங்கிவிடும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வன்னியில் மழை கொட்டும்போது, தண்ணீர் தேங்கிய காபெட் வீதியில் தேய்ந்த டயர் தரையைத் தொடாமல் நீரின்மேல் சறுக்கும். அந்த நேரத்தில் ஹாண்டிலோ பிரேக்கோ சொன்னதைக் கேட்காது. 

அளக்கக் கருவி தேவையில்லை. தீக்குச்சி ஒன்றைப் பள்ளத்துக்குள் நிமிர்த்தி வைத்து, மேற்பரப்பு முடியும் இடத்தில் நகத்தால் அடையாளமிட்டு, பிள்ளையின் அடிமட்டத்தில் வைத்துப் பாருங்கள். மேட்டின்மேல் வைக்காமல் பள்ளத்தின் அடியில் வையுங்கள். ஒரு இடத்தில் அளந்தால் போதாது. டயரின் இரு ஓரங்களிலும் நடுவிலும், சுற்றிவர மூன்று நான்கு இடங்களிலும் அளக்கவேண்டும். 

தேய்வு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லையென்றால் அந்த டயர் தன் பழைய வாழ்க்கையைச் சொல்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகமாக அடித்து ஓடியிருக்கிறார்கள். இரண்டு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறார்கள். இது ஆபத்தானது. காற்றுக் குறைந்த டயர் மடங்கி மடங்கிச் சூடேறி உள்ளேயுள்ள நூல்களைப் பலவீனப்படுத்தும். வெளியில் அது தெரியாது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அந்த வாகனத்தின் சில்லுக் கோணம் சரியாக இருந்திருக்கவில்லை. இடைக்கிடை திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் ஷொக் அப்சோபர் போன்றவற்றில் கோளாறு இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட டயரை உங்கள் வாகனத்தில் பூட்டினால் அதிர்வும் சத்தமும் உங்களுக்கு வந்து சேரும்.

வயதை எப்படி வாசிப்பது?

இறப்பர் ஓடாவிட்டாலும் பழுதாகும். காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் வெயிலும் சூடும் சேர்ந்து அதை மெல்ல மெல்ல இறுகச் செய்கின்றன. இறுகிய இறப்பர் வெடிக்கும், வீதியைப் பிடிக்காது. அதைவிட மோசமான மாற்றம் உள்ளே நடக்கிறது. உருக்குப் பட்டிகளையும் இறப்பரையும் இணைத்து வைத்திருக்கும் பிடி தளர்கிறது. ஒருநாள் நீண்ட ஓட்டத்தில், மதிய வெயிலில், மேற்பட்டை அப்படியே உரிந்து போகிறது. 

இது சூடான பிரதேசங்களில் வேகமாக நடக்கும். ஐக்கிய அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் பெரிய காப்புறுதி நிறுவனமொன்றின் தரவுகளை எடுத்துக்காட்டியிருந்தது. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் 27 வீதமானோர்தான் டெக்சாஸ், அரிசோனா, புளோரிடா போன்ற ஐந்து வெப்ப மாநிலங்களில் இருந்தார்கள். ஆனால், டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 77 வீதம் அங்கிருந்தே வந்தன. அவற்றில் 84 வீதமானவை 6 ஆண்டைத் தாண்டிய டயர்கள். குளிர்காலமே இல்லாத வவுனியாவுக்கும் மன்னாருக்கும் இந்தக் கணக்கு என்ன சொல்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை.

வாகன நிறுவனங்கள் பல 6 ஆண்டுகளில் டயரை மாற்றச் சொல்கின்றன. 5 ஆண்டுகளுக்குப் பிறகு வருடாந்தம் பரிசோதிக்க வேண்டும், எப்படியிருந்தாலும் 10 ஆண்டுக்கு மேல் பாவிக்கக்கூடாது என்பது டயர் நிறுவனங்கள் சிலவற்றின் அறிவுரை. எங்களுடைய வெயிலையும் பாரத்தையும் வைத்துப் பார்த்தால், பாவித்த டயர் வாங்குபவர் 5 ஆண்டைத் தாண்டியதைத் தொடாமல் விடுவது நல்லது. நீங்கள் வாங்கிய பிறகும் அது ஒன்றிரண்டு ஆண்டுகள் ஓடவேண்டும் அல்லவா?

இலக்கத்தைத் தேடும்போது ஒரு விடயம் தெரிந்திருக்க வேண்டும். முழு வரிசையும் திகதியும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். மறுபக்கத்தில் அந்த நான்கு இலக்கங்கள் இல்லாமல் பாதி வரிசை மட்டுமே இருக்கலாம். வாகனத்தில் பூட்டியபடி விற்கிறார்கள் என்றால் உள்பக்கத்தைக் குனிந்து பார்க்கவேண்டும். நான்குக்குப் பதிலாக மூன்று இலக்கங்களே இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முற்பட்ட டயர். இலக்கம் சுரண்டப்பட்டோ உரசி அழிக்கப்பட்டோ இருந்தால் அந்த டயரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். ஸ்பெயார் டயரையும் விட்டுவிடக்கூடாது. வாகனத்தின் முதல் நாளிலிருந்து அது அங்கேயே இருந்திருக்கலாம்.

பளபளப்பின் கீழே

கடையில் தொங்கும் பாவித்த டயர் கறுப்பாக மின்னும். பூசப்பட்ட மை அல்லது பொலிஷ் அது. பழைய துணியால் பக்கச்சுவரை அழுத்தித் துடையுங்கள். பிறகு இரண்டு கைகளாலும் டயரை வளைத்துப் பிடியுங்கள். மெல்லிய முடிபோன்ற வெடிப்புகள் பக்கச்சுவரிலோ பள்ளத்தின் அடியிலோ தெரிந்தால் இறப்பர் முதுமையடைந்துவிட்டது. பக்கச்சுவரில் எங்காவது முட்டை போலப் புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அது எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

டயரின் உள்பக்கத்தையும் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். ஒட்டுகள் எத்தனை, எங்கே இருக்கின்றன? நடுப்பகுதியில் முறையாகப் போடப்பட்ட ஒரு ஒட்டு பெரிய பிரச்சினையில்லை. தோள்பகுதியிலோ பக்கச்சுவரிலோ ஒட்டு இருந்தால் வேண்டாம். உட்சுவர் ஓரமாக வளையமாகக் கறுத்து, இறப்பர்த் தூள் உதிர்ந்தால் காற்றில்லாமல் ஓடப்பட்ட டயர் அது. றிம்மில் பொருந்தும் விளிம்பு கிழிந்திருக்கிறதா, கம்பி தெரிகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

மொட்டையான டயரில் கத்தியால் புதிய பள்ளம் வெட்டி விற்பதும் நடக்கும். வெட்டிய பள்ளம் சீராக இருக்காது. அடி கூர்மையாக இருக்கும். தேய்வு காட்டி மேடுகளைத் தேடினால் கிடைக்காது, அல்லது வெட்டுப்பட்டிருக்கும். லொறி, பஸ் டயர்களில் சிலவற்றை மறுபடி பள்ளம் வெட்டலாம் என்று உற்பத்தியாளரே பக்கச்சுவரில் எழுதியிருப்பார். அந்த எழுத்து இல்லாத டயரில் வெட்டுவது, நூலைக் காக்கும் கடைசி இறப்பரையும் வெட்டி எறிவதுதான்.

ரீபில்ட் டயரைப் பற்றியும் சொல்லவேண்டும். அதை முற்றாக ஒதுக்கத் தேவையில்லை. விமானங்கள்கூட முறையாக மேற்பட்டை மாற்றிய டயர்களில் தரையிறங்குகின்றன. கேள்வி, புதிய மேற்பட்டையின் கீழே இருக்கும் பழைய உடலின் வயது என்ன, அதை ஒட்டியவர் பரிசோதித்தாரா என்பதுதான். புதிய சட்டை போட்ட முதியவரின் வயதைச் சட்டையை வைத்துக் கணிக்க முடியாது.

ஜப்பானிலிருந்து வந்த வாகனங்களின் டயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே பனிக்காலத்துக்கென்று செய்யப்படும் டயர்கள் சில இங்கேயும் வந்து சேர்கின்றன. 'ஸ்டட்லெஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். மேற்பரப்பில் மெல்லிய கீறல்கள் நெருக்கமாக இருக்கும். பள்ளம் ஆழமாகத் தெரிவதால் நல்ல டயர் என்று எண்ணத் தோன்றும். பனியில் இறுகாமல் இருக்கவென்று மென்மையாகச் செய்யப்பட்ட இறப்பர் அது. எங்கள் வெயிலில் வேகமாகத் தேயும், மழைவீதியில் நிற்கத் தடுமாறும்.

மலிவின் கணக்கு

பாவித்த டயர் உண்மையிலேயே மலிவா என்று ஒருமுறை கணக்குப் பார்ப்போம். புதிய கார் டயர் ஒன்றில் 8 மில்லிமீற்றர் பள்ளம் என்று வையுங்கள். 1.6இல் நிறுத்தவேண்டும். ஆகவே தேய்ப்பதற்கு உங்களிடம் இருப்பது 6.4 மில்லிமீற்றர். பாவித்த டயரில் 4 மில்லிமீற்றர் இருக்கிறது என்றால் தேய்ப்பதற்கு இருப்பது 2.4 மட்டுமே. அதாவது புதியதின் 37.5 வீதம். அதைப் பாதி விலைக்கு வாங்கினால், ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் புதிய டயர் வாங்கியவரைவிட நீங்கள் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். மழைக்குப் பாதுகாப்பான 3 மில்லிமீற்றரை எல்லையாக வைத்தால் நிலைமை இன்னும் மோசம். புதியதில் 5 மில்லிமீற்றர், பாவித்ததில் 1 மில்லிமீற்றர். பாதி விலைக்கு ஐந்தில் ஒரு பங்கு ஆயுள்.

ஆகவே பேரம் பேசும்போது கேட்கவேண்டியது, "பாதி விலைக்குத் தருவீங்களா அண்ணை?" என்பதல்ல. மிச்சமிருக்கும் ஆழத்தை முதலில் அளந்து, அந்த விகிதத்துக்கும் கீழே விலையைக் கொண்டுவர வேண்டும். ஏனென்றால் வயதும், ஒட்டும், தெரியாத பழைய வாழ்க்கையும் சேர்ந்தே வருகின்றன.

இந்தக் கணக்கு சாரதிகளுக்குத் தெரியாததல்ல. பிரச்சினை கணக்கில் இல்லை, காசு கையில் வரும் விதத்தில் இருக்கிறது. நாள்வருமானத்தில் வாழ்பவரிடம் புதிய டயருக்கான முழுத்தொகை ஒருநாளும் ஒன்றாகச் சேர்வதில்லை. மாதத் தவணை, நுண்கடன், பிள்ளையின் ரியூஷன் எல்லாம் போக மிஞ்சுவது பாவித்த டயருக்குத்தான் காணும். ஏழையாக இருப்பதற்கு அதிக செலவாகிறது என்பதற்கு டயர் நல்ல உதாரணம். அவர் நீண்டகாலத்தில் கூடுதலாகக் கொடுக்கிறார். ஆபத்தையும் அவரே சுமக்கிறார்.

அரசு எதைப் பார்க்கிறது?

இலங்கையில் வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோர் உயிரிழக்கிறார்கள். 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தின் கீழ் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் பொருத்தப்பட்டிருந்த மேலதிக அலங்காரங்களைக் கழற்ற நடவடிக்கை எடுத்தார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. ஊடகங்களில் விவாதம் நடந்தது. அதே ஆண்டு மே 11ஆம் திகதி றம்பொடை கெரண்டிஎல்லவில் இ.போ.ச. பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு ஆசனப்பட்டியைப் பற்றிப் பேசினோம். அந்த விபத்துக்கு டயர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வீதிப் பாதுகாப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதே பேசப்படுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வருடாந்தம் பிரதேச செயலகத்துக்குப் போகிறோம். காப்புறுதி கேட்கிறார்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். வாகனம் விடும் புகையை ஒவ்வொரு ஆண்டும் அளக்கும் ஏற்பாடு எங்களிடம் இருக்கிறது. அதே வாகனத்தின் டயர் எந்த ஆண்டு பிறந்தது என்பதை யாரும் எழுதிக்கொள்வதில்லை. 

பிரித்தானியாவில் இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2012 செப்டெம்பரில் இசைவிழா ஒன்றிலிருந்து இளைஞர்களை ஏற்றிவந்த பஸ்ஸின் முன் டயர் வெடித்து, வண்டி வீதியைவிட்டு விலகி மரத்தில் மோதியது. சாரதியும் பயணிகள் இருவரும் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது 19 ஆண்டுகளுக்கு மேல். இறந்தவர்களில் ஒருவரான 18 வயது இளைஞரைவிட அது மூத்தது. அவ்வளவு பழைய டயரைப் பூட்டுவதை அப்போது எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அந்த இளைஞரின் தாய் ஆண்டுக்கணக்காகப் போராடினார். 2021 பெப்ரவரி 1ஆம் திகதி முதல் லொறி, பஸ் ஆகியவற்றின் முன் சில்லுகளிலும், மினிபஸ்ஸின் தனிச் சில்லுகள் அனைத்திலும் 10 ஆண்டைத் தாண்டிய டயரைப் பாவிப்பது அங்கே தடைசெய்யப்பட்டது. திகதி வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதும் சட்டமானது. பிள்ளையை இழந்த ஒரு தாயின் பிடிவாதம் சட்டமாக மாறமுடியும் என்பதை, பிள்ளைகளைத் தேடும் தாய்மாரைத் தினமும் காணும் நாங்கள் கவனிக்காமல் விட முடியாது. 

ஆனால், இங்கே அதே சட்டத்தை அப்படியே கொண்டுவந்தால் போதுமா? எனக்குத் தயக்கம் இருக்கிறது. வீதியோரத்தில் மறித்து டயரைக் காட்டி எழுதப்படும் தண்டச்சீட்டு, லீசிங் கட்டமுடியாத முச்சக்கரவண்டிச் சாரதியின் தலையில்தான் முதலில் விழும். பொலிஸாருடனான எங்களுடைய அனுபவம் இன்னொரு மறிப்பை வரவேற்கும் அளவுக்கு இல்லை. தண்டத்தைக் கட்டிவிட்டு அதே டயரில்தான் அவர் வீடு போவார். 

ஆகவே தொடங்கவேண்டிய இடம் வேறு. முதலாவது, பயணிகளை ஏற்றும் பஸ்களின் முன் டயர்களுக்கு வயதெல்லை. ஒரு பஸ்ஸில் 50 பேர் தாங்கள் தெரிவுசெய்யாத டயரை நம்பி ஏறுகிறார்கள். தகுதிச் சான்றிதழுக்காகப் பஸ் பரிசோதிக்கப்படும்போது அந்த நான்கு இலக்கங்களைப் படிவத்தில் எழுதினாலே போதும். இரண்டாவது, புதியதோ பாவித்ததோ, டயர் விற்கும் பற்றுச்சீட்டில் செய்யப்பட்ட வாரமும் ஆண்டும் எழுதப்படவேண்டும். இதற்கு யாருக்கும் ஒரு சதமும் செலவில்லை. மூன்றாவது, மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கரவண்டிக்கும் புதிய டயரைத் தவணைக்குக் கொடுக்கும் ஏற்பாடு. வடக்கின் கூட்டுறவுச் சங்கங்கள் உரமும் விதையும் கடனுக்குக் கொடுத்த அனுபவமுள்ளவை. அவற்றால் இது முடியாத காரியமல்ல. மாகாண நிர்வாகமும் பஸ் சங்கங்களும் நினைத்தால் முதலாவதைக் கொழும்பைக் காத்திராமல் தங்களுக்குள்ளேயே நடைமுறைப்படுத்தலாம்.

அதுவரை எங்களால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்தமுறை வாடகைக்கு வான் பிடிக்கும்போது, மே மாத வெயிலில் முள்ளிவாய்க்காலுக்குப் போகும்போது, பிள்ளையின் பாடசாலைச் சுற்றுலாவுக்குப் பஸ் ஒழுங்குசெய்யும்போது, விலை பேசுவதற்கு முன்னர் முன் டயரின் அருகே குனிந்து அந்த நான்கு இலக்கங்களை வாசியுங்கள். சாரதிக்கு அது முதலில் பிடிக்காமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது நாள் அவரே பார்த்து வைத்திருப்பார்.